சரியான விடைக்குப் போட்ட சைபர்

பருத்திப்பட்டில் சாமுண்டீஸ்வரியைக் கணக்கு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் நாலு பேருக்குத் தெரியாது. ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நிலத்தில் பாதி மனைகளாகிப் போனபின் அண்ணன் ஒருவர் பால் வியாபாரத்துக்கும் இன்னொருவர் செங்கல் லாரிக்கும் போய்விட்டார்கள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சாமுண்டீஸ்வரி.

அவருக்கு ஞாபக சக்தி அபாரம். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தால் கண்ணை மூடிக்கொண்டு வரி மாறாமல் எழுதிவிடுவார். பள்ளியிலும் சரி, பட்டணத்துக் கல்லூரியிலும் சரி, கணக்கை அவர் அப்படித்தான் படித்தார். ஆவடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு தேற்றம் மனப்பாடமாகிவிடும். ஏன் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அவரையும் யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே முதல் வகுப்பு வந்தது, வேலை வந்தது, தபால் வழியில் எம்.எஸ்.சி. முடித்ததும் பதவி உயர்வும் வந்தது. எண்பதுகளின் நடுவில், ஆவடிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்தார்.

நல்ல டீச்சர் என்றே பெயர். கரும்பலகையில் அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு கணக்கை நாலு படிகளாகப் பிரித்து, எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று சொல்லித் தருவார். அந்த நாலு படியை எழுதியவர்கள் பாஸானார்கள். இன்டெக்ரேஷன் என்கிற தொகையீட்டுப் பாடத்தில் மட்டும் அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. தொகை கண்டால் கடைசியில் மாறிலி 'சி' சேர்க்க வேண்டும், எல்லைகள் கொடுத்த தொகையீடாக இருந்தால் சேர்க்கக் கூடாது என்பார். "ஏன் மிஸ் சேர்க்கக் கூடாது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "கூடாதுன்னா கூடாது. அரை மார்க் போயிடும்" என்றார். வகுப்பில் யாரும் மேலே கேட்கவில்லை. டீச்சருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்த வகுப்பில்தான் வசந்தகுமாரி இருந்தாள். அப்பா பால்ராஜ், பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பம். அம்மா அன்னம்மாள் வாசலைத் தாண்டி அதிகம் வராதவர். வசந்தகுமாரி சுமாராகப் படிப்பவள் என்றுதான் எல்லா டீச்சர்களும் நினைத்திருந்தார்கள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் தானாக ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். அது டீச்சருக்குப் பிடிக்காது.

எண்பத்தேழு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. அதில் ஒரு கணக்கு: சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கி, பூஜ்யத்திலிருந்து தொண்ணூறு பாகை வரை தொகை காண வேண்டும். வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்குதான். சைன் எக்ஸை 'டி' என்று வைத்துக்கொண்டால், தொகை சைன் வர்க்கத்தில் பாதி. மேல் எல்லையைப் போட்டால் அரை, கீழ் எல்லையைப் போட்டால் பூஜ்யம். அரையிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் விடை அரை. வகுப்பு முழுக்க அப்படியே எழுதியிருந்தது.

வசந்தகுமாரியின் தாளில் வேறு மாதிரி இருந்தது. அவள் காஸ் எக்ஸை 'டி' என்று வைத்திருந்தாள். தொகை என்று அவள் எழுதியிருந்தது காஸ் வர்க்கத்தில் பாதி, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. மேல் எல்லைக்குப் பூஜ்யம், கீழ் எல்லைக்கு மைனஸ் அரை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கடைசியில் விடை அரை என்று போட்டு அடியில் கோடிட்டிருந்தாள்.

டீச்சர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொகை தப்பு, விடை மட்டும் சரி. அதெப்படி? பக்கத்து இடத்தில் உட்கார்ந்து எழுதிய புஷ்பாவின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதில் நாலு படியும் ஒழுங்காக இருந்தது, விடையும் அரை. அவருக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். விடையை எட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் தோன்றியதை எழுதி நிரப்பியிருக்கிறாள். சிவப்பு மையில் பெரிதாக ஒரு சைபர் போட்டார்.

தாள் கொடுக்கிற அன்று வசந்தகுமாரியை எழுப்பி நிறுத்தினார்.

"இந்தக் கணக்க எப்படிப் போட்ட?"

"காஸ் எக்ஸை டி-ன்னு வச்சேன் மிஸ்."

"நான் அப்படியா சொல்லித் தந்தேன்?"

"இல்ல மிஸ். அப்படியும் வருது."

"எது வருது? தொகையே வேற. விடை மட்டும் எப்படிம்மா சரியா வந்துது? புஷ்பா தாள்லேர்ந்து பறந்து வந்துதா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வசந்தகுமாரி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு, "நான் பார்த்து எழுதல மிஸ். திருப்பி வகையிட்டுப் பார்த்தேன், சரியா வந்துது" என்றாள்.

"வாய் வேறயா? நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பால்ராஜ் தொழிற்சாலைச் சீருடையிலேயே சைக்கிளில் வந்தார். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பால்ராஜுக்குச் சைனும் தெரியாது, காஸும் தெரியாது. காப்பி என்ற சொல் மட்டும் புரிந்தது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே, ஏழெட்டு டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல. இனிமே இப்படி நடக்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சாமுண்டீஸ்வரிக்கு அந்த அடி கொஞ்சம் அதிகம் என்றுதான் பட்டது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சோற்று டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். அதை மூடவும் இல்லை.

அதன்பிறகு வசந்தகுமாரி கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுத ஆரம்பித்தாள். கிறுக்குவது நின்றுபோனது. திருந்திவிட்டாள் என்று டீச்சர் மற்றவர்களிடம் சொன்னார். வகுப்பில் பெண்கள் அவளைக் 'காப்பி' என்று கூப்பிடுவது அவர் காதில் விழுந்ததுண்டு. விளையாட்டு என்று விட்டுவிட்டார்.

ஏப்ரலில் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவரை அழைத்திருந்தார்கள். முதல் முறை. பெருமையாகத்தான் போனார். பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு அறையிலும் நீள மேஜை, ஒரு முதன்மைத் தேர்வாளர், அவரைச் சுற்றி உதவித் தேர்வாளர்கள் என்று உட்கார்ந்து திருத்த வேண்டும். இவர் மேஜைக்கு முதன்மைத் தேர்வாளர் ஜெயராமன் என்பவர். வயதானவர், சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலம். திருத்திய கட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாளை உருவி அவர் மறுபடி பார்ப்பார்.

இரண்டாம் நாள் காலையில் அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமுண்டீஸ்வரி அம்மா, இதுக்கு ஏன் சைபர்?" என்று கேட்டார்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். அந்த வருஷப் பொதுத் தேர்விலும் ஏறக்குறைய அதே கணக்குதான் வந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை காஸ் வர்க்கத்தில் எழுதியிருந்தது.

"விடை மட்டும்தான் சார் சரி. தொகை தப்பு. பார்த்து எழுதின கேஸ்" என்றார். தன் பள்ளியில் இப்படி ஒருத்தியைத் தான் கையும் களவுமாகப் பிடித்ததையும் சேர்த்துச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

மேஜையில் இருந்த இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். டீச்சர் ஜோக் அடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டார் போல. ஜெயராமன் சிரிக்கவில்லை. ஒரு துண்டுத் தாளை நகர்த்தி வைத்தார்.

"இந்தத் தொகைய வகையிட்டுப் பாருங்கம்மா."

டீச்சர் வகையிட்டார். தொகை சரியென்றால் கேள்விக்கே திரும்பி வர வேண்டும். காஸ் வர்க்கத்தில் பாதி, முன்னால் கழித்தல். காஸை வகையிடும்போது வருகிற கழித்தலும் இந்தக் கழித்தலும் சேர்ந்து அடிபட்டன. மிச்சம் நின்றது, சைன் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ். கேள்வியில் கொடுத்திருந்தது அதுவே.

"நம்ம விடைக்குறிப்புல இருக்கிறத வகையிட்டாலும் இதானே வரும்?" என்றார் ஜெயராமன், குரலைத் தாழ்த்தி. "ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் ஒரு அரை. மாறிலி. மேல் எல்லையிலும் அந்த அரை இருக்கும், கீழ் எல்லையிலும் இருக்கும். கழிக்கும்போது போயிடும். அதனாலதான அங்க சி போடறதில்ல. எந்தத் தொகைய எடுத்தாலும் விடை ஒண்ணுதான்."

டீச்சருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மேஜையில் யாரும் நிமிரவில்லை. எல்லோரும் திருத்துவது போலக் குனிந்திருந்தார்கள். சிரித்த இளைஞரும் குனிந்துகொண்டார். அவர் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போலிருந்தது.

"முன்னாடி திருத்தினதையும் ஒருதரம் பார்த்துடலாம்மா" என்றார் ஜெயராமன். கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். அதே மாதிரி சைபர் வாங்கிய தாள்கள் இன்னும் சில இருந்தன. ஒவ்வொன்றாக அடித்துவிட்டு முழு மார்க் போட்டார். பக்கத்தில் கையெழுத்திட்டார்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துண்டுத் தாளில் கழித்தல் குறிகள் அடிபட்ட அந்த நொடியிலிருந்தே டீச்சர் கண்ணில் நின்றது வேறு. "திருப்பி வகையிட்டுப் பார்த்தேன் மிஸ்" என்று அவள் சொன்னாள். சொல்லத்தான் சொன்னாள். ஜெயராமன் சொன்ன அதே வார்த்தை.

அன்று வீட்டுக்கு வந்தவர் கைகால் கழுவாமல் உட்கார்ந்துவிட்டார். கணவர் கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு லேத் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"இன்னா சாமு, மூஞ்சி ஏன் இப்டி கீது? ஒடம்புக்கு இன்னா?"

சொன்னார். கஜபதி முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுக்கா? தப்பு யாருக்கு வர்ல? அந்தப் பொண்ணு இந்நேரம் மறந்துகூட பூட்டிருக்கும். வுடு" என்றார்.

"அவங்க அப்பா அடிச்சாருங்க. நான் சோத்த வச்சிக்கினு பாத்துக்கினு இருந்தேன்."

கஜபதி டீ போட எழுந்து போனார்.

பள்ளி விடுமுறை. முகாம் முடிந்தபின் ஒரு நாள் டீச்சர் குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினார். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். விசாரித்துக்கொண்டே போனவர், பால்ராஜ் வீட்டுத் தெரு முனையில் நின்றுவிட்டார். என்னவென்று ஆரம்பிப்பது? குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். திரும்பி நடந்தார். மார்க்கெட்டில் தேவையில்லாமல் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

இன்னொரு நாள் போய்விட்டார். கதவைத் திறந்த அன்னம்மாள் பதறிப்போனார்.

"என்ன டீச்சர், மறுபடியும் எதுவும் செஞ்சிட்டாளா?"

"ஐயோ, இல்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன். பரீட்சை எப்படி எழுதியிருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

அன்னம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார். வசந்தகுமாரி உள்ளறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். "நல்லா எழுதியிருக்கேன் மிஸ்" என்றாள். அந்த அம்மாளின் மரியாதையைப் பார்க்கப் பார்க்க, டீச்சர் சொல்ல வந்ததை விட்டு ரிசல்ட் எப்போது வரும் என்பதையே பேசிக்கொண்டிருந்தார். கலரைக் குடித்துவிட்டு, "கடவுள் இருக்கார்" என்று என்னவோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். தப்பு செய்தது தெரியாமல் இருந்தபோது நிமிர்ந்து நடந்தோம், தெரிந்தபின் பொய்யும் சேர்ந்துகொண்டதே என்று இருந்தது.

ரிசல்ட் வந்தது. வசந்தகுமாரி பாஸ். கணக்கில் நடுத்தரமான மார்க். கரும்பலகையில் இருந்ததை அப்படியே எழுதினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. அந்த சைபர் இல்லாதிருந்தால் அவள் என்ன வாங்கியிருப்பாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. டீச்சராலும் முடியாது. அதுதான் அவரை அதிகம் அரித்தது.

மார்க் ஷீட் கொடுக்கிற அன்று வகுப்பு முழுக்க வந்திருந்தது. தாவணி கட்டிக்கொண்டும் சேலை கட்டிக்கொண்டும் வந்து சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சில பேரின் அப்பா, அம்மாக்களும் வராந்தாவில் நின்றார்கள். பால்ராஜும் இருந்தார். தலைமையாசிரியை கொடுத்து முடிக்கும் நேரத்தில் சாமுண்டீஸ்வரி எழுந்தார். கையில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். இப்போதுகூட எழுதிக் காட்டாமல் அவரால் பேச முடியாது.

"அரையாண்டுல வந்த ஒரு கணக்கு" என்று ஆரம்பித்து, இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "இது நான் சொல்லித் தந்தது. இது வசந்தகுமாரி போட்டது. ரெண்டும் சரி. அவ புஷ்பாவப் பார்த்து எழுதல. எனக்குத் தெரியாததனால அவள நான் திருடின்னு சொன்னேன். உங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது தப்பு."

தலைமையாசிரியை முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் வசந்தகுமாரியைப் பார்த்தார். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டீச்சர். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

வசந்தகுமாரி மெதுவாகச் சொன்னாள். "சொன்னேனே மிஸ்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. மார்க் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே போன டீச்சர் வராந்தாவில் பால்ராஜைப் பார்த்து நின்றார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை நான் கேக்கல டீச்சர்" என்றார் பால்ராஜ். டீச்சரிடம் சொன்ன மாதிரியும் இல்லை. மகள் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கூப்பிடத் தைரியம் இல்லாதவர் போல, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார்.

தலைமையாசிரியை சாமுண்டீஸ்வரியை அறைக்குக் கூப்பிட்டார். "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே டீச்சர். பெத்தவங்க வேற நிக்கிறாங்க. நாளைக்கு யார் நம்மள மதிப்பாங்க?"

"நான் அவளத் தனியா கூப்பிட்டுத் திட்டலயே மேடம்."

அடுத்த வருஷம் பிளஸ் டூ வகுப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பதினொன்றாம் வகுப்போடு நின்றார். ஊரில் சிலர் காதுபடவே பேசினார்கள். கஜபதி மட்டும், "சொல்லிட்டல்ல, இன்னும் இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று டீச்சரும் நினைத்திருந்தார்தான். இறங்கவில்லை. வசந்தகுமாரி கல்லூரியில் கணக்கு எடுக்கவில்லை, வேதியியல் எடுத்தாள் என்று புஷ்பா வந்து சொன்னபோது அது இன்னும் கூடியது.

அவர் பாடத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார், மனப்பாடத்தை விட்டுவிட்டு. கஷ்டமாக இருந்தது. ஒரு பக்கம் நகர ஒரு வாரம்கூட ஆனது. புரியாத இடங்களைக் கேட்க ஜெயராமனின் வீட்டுக்கே இரண்டொரு முறை போனார். பிற்பாடு பிளஸ் டூ வகுப்பு மறுபடி கிடைத்தது. ஒரு பிள்ளை வேறு வழியில் எழுதியிருந்தால், தானே அந்த வழியில் போட்டுப் பார்க்காமல் பேனாவை வைப்பதில்லை என்று ஆனது. அதனால் தாள் திருத்துவதில் எப்போதும் கடைசி ஆள் அவர்தான். பக்கத்து டீச்சர்கள் சலித்துக்கொள்வார்கள். ஏன் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூற்றைந்திலோ ஆறிலோ, பட்டணத்துக்கு ஒரு வேலையாகக் கிளம்பிய காலை, ஆவடி ஸ்டேஷனில் வசந்தகுமாரியைப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம். கழுத்தில் தாலிச் சங்கிலி, தோளில் பை. அவளே வந்து, "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்றாள். இருவரும் பெண்கள் பெட்டியில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பா ரிடையர் ஆகிவிட்டார், ஊருக்கே போய்விட்டார்கள் என்றாள். பையனுக்கு இரண்டு வயது என்றாள். டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த விஷயத்தை அவள் எடுப்பாளோ என்று பயமாகவும் இருந்தது, எடுக்காமல் போய்விடுவாளோ என்றும் இருந்தது.

அம்பத்தூர் வரும்போது வசந்தகுமாரி எழுந்தாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "மிஸ், இப்பவும் பிளஸ் டூக்குக் கணக்கு எடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"எடுக்கறேம்மா."

"ம்" என்றாள். வண்டி நின்றது. இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இதைக் கஜபதியிடம் சொன்னார். "ஏதோ கேட்டுது, நீயும் சொன்ன. அவ்ளோதான?" என்றார் கஜபதி. அவ்வளவுதானா, அதற்குமேல் ஏதாவது இருந்ததா என்று டீச்சரால் தீர்மானிக்க முடியவில்லை. அரிசி களையும்போதும் அந்த 'ம்'மையே நினைத்துக்கொண்டிருந்தார். முகம் சுட்டது. அடுப்படியில் வேறு யாரும் இல்லை, இருந்தும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.